ஒரு பாட்டு, இரண்டு சொத்து: லேபிளுக்கு எது, பப்ளிஷருக்கு எது?

போன வருஷம் மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்து மணிக்கு எங்கள் ஊர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினான். பதினொரு பக்கம். கூடவே ஒரு குரல் செய்தி: "அக்கா, கம்பெனியில பாட்டை எடுத்துக்கிறோம்னு சொல்லிட்டாங்க. நாளைக்குக் காலையில கையெழுத்துப் போட்டு அனுப்பணுமாம். ஒரு தடவை கண்ணை ஓட்டிட்டுச் சொல்லுங்க."

பாட்டு எனக்குத் தெரிந்ததுதான். அவன் ஆச்சியின் ஓலைப்பெட்டியைப் பற்றியது. வரிகள் அவனுடையவை. மெட்டு அவனும் கீபோர்டு வாசிக்கும் அவன் நண்பனும் சேர்ந்து போட்டது. சாலிகிராமத்தில் மணிக்கணக்கு வாடகைக்கு ஒரு ஸ்டுடியோ பிடித்து, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து நாதஸ்வரக்காரர் ஒருவரை பஸ்ஸில் வரவழைத்து, இரண்டு நாளில் பதிவை முடித்திருந்தார்கள்.

பதினொரு பக்கத்தையும் படித்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன். "இது லேபிள் ஒப்பந்தமா, பப்ளிஷிங் ஒப்பந்தமா?" என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதானேக்கா?" என்றான்.

அதற்குப் பதில் சொல்லி முடிக்க ராத்திரி ஒரு மணி ஆகிவிட்டது. பதினாறு வருஷமாகப் பாட்டு எழுதுகிறேன். அவன் வயதில் நானும் இரண்டும் ஒன்று என்றே நினைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு அவனிடம் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். சொந்தமாக எழுதி, மெட்டுப் போட்டு, பதிவு செய்யும் யாருக்கும் இது தேவைப்படும்.

பாட்டு வேறு, பதிவு வேறு

எங்கள் ஊர் தியேட்டர் வாசலில் முறுக்கு, கடலை மிட்டாயோடு பாட்டுப் புத்தகமும் விற்பார்கள். நாலைந்து தாள்தான் இருக்கும். படத்தின் எல்லாப் பாட்டும் வரி வரியாக அதில் இருக்கும். எதிர் டீக்கடையில் அதே பாட்டு கேசட்டில் ஓடிக்கொண்டிருக்கும். புத்தகத்தில் இருந்தது பாட்டு. கேசட்டில் இருந்தது, அந்தப் பாட்டை ஒரு நாள் ஒரு ஸ்டுடியோவில் ஒருவர் பாடியபோது பிடித்து வைத்த ஒலி. புத்தகத்தில் மெட்டு இல்லை என்பதை மட்டும் மனதில் சேர்த்துக்கொண்டால், இந்த விஷயம் முழுவதும் அந்தத் தியேட்டர் வாசலிலேயே இருக்கிறது.

நம் நாட்டின் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டமும் இப்படித்தான் பிரிக்கிறது. வரிகள் இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு, ஒலிப்பதிவு தனிப் படைப்பு. ஆயுள்கூட ஒன்றல்ல. வரிக்கும் மெட்டுக்கும் எழுதியவரின் ஆயுள் முழுவதும், அவருக்குப் பின் 60 வருஷமும் உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு, அது வெளியானதிலிருந்து 60 வருஷம்தான்.

லேபிள், நம் ஊர்ப் பேச்சில் ஆடியோ கம்பெனி, கையில் வைத்திருப்பது ஒலிப்பதிவு. தொழிலில் இதை மாஸ்டர் என்பார்கள். பப்ளிஷிங் கம்பெனி கையில் வைத்திருப்பது வரியும் மெட்டும். இசை கேட்க ரெக்கார்டே இல்லாத காலத்தில் பாட்டை ஸ்வரக் குறிப்போடு தாளில் அச்சடித்து விற்றதால் அவர்களுக்குப் பப்ளிஷர் என்று பெயர். லண்டனில் 1811-இல் அப்படித் தொடங்கிய சாப்பெல் என்ற கடைதான் இன்று வார்னர் சாப்பெல் என்ற பெரிய பப்ளிஷிங் கம்பெனியாக இருக்கிறது.

எது யாருடையது என்று குழப்பம் வந்தால் நான் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன். நாளைக்கு வேறொரு பாடகி இதே பாட்டைப் புதிதாகப் பதிவு செய்தால் யாருக்குப் பணம் வர வேண்டும்? வரி எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் அவர்களின் பப்ளிஷருக்கும் வர வேண்டும். பழைய பதிவை வைத்திருக்கும் லேபிளுக்கு அதில் ஒரு பைசாவும் கிடையாது, ஏனென்றால் அவர்கள் பதிவை யாரும் தொடவில்லை.

இதை எனக்கு நன்றாகப் புரிய வைத்தது டாலி பார்ட்டனின் கதை. அமெரிக்கக் கண்ட்ரி இசைப் பாடகி. 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' என்ற பாட்டை அவரே எழுதி, மெட்டுப் போட்டு, பாடினார். 1974-இல் ஆர்சிஏ லேபிளில் வந்தது. எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட விரும்பினார். ஆனால் அவருடைய மேனேஜர் கர்னல் டாம் பார்க்கர், பப்ளிஷிங்கில் பாதியைக் கொடுத்தால்தான் எல்விஸ் பாடுவார் என்றார். டாலி மறுத்துவிட்டார். அன்று ராத்திரி முழுக்க அழுததாக அவரே சொல்லியிருக்கிறார். 1992-இல் விட்னி ஹூஸ்டன் அதே பாட்டை ஒரு படத்துக்காகப் பாடினார். அமெரிக்கத் தரவரிசையில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்தப் பதிவு அரிஸ்டா லேபிளுடையது. பாட்டு டாலியுடையது. இன்னொன்றும் இருக்கிறது: அமெரிக்காவில் சாதாரண ரேடியோ, பாட்டு எழுதியவருக்கும் பப்ளிஷருக்கும் பணம் கொடுக்கும், பதிவுக்குக் கொடுக்காது. அந்தப் பாட்டு ரேடியோவில் ஒலித்த ஒவ்வொரு தடவையும் டாலிக்குக் கணக்கு ஏறியது.

நம் ஊரில் ஏன் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது

சினிமாதான் காரணம். படத்துக்குப் பாட்டு எழுதினால் வரியும் மெட்டும் பதிவும் எல்லாமே தயாரிப்பாளரிடம் போகும். அவர் மொத்தத்தையும் ஆடியோ ரைட்ஸ் என்று ஒரே மூட்டையாகக் கட்டி ஆடியோ கம்பெனிக்குக் கொடுப்பார். ஒரே கம்பெனி லேபிளாகவும் பப்ளிஷராகவும் நிற்கும். 1977-இல் உச்ச நீதிமன்றமும், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து எழுதி வாங்கிய படப் பாட்டுக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று சொல்லிவிட்டது. எழுதியவருக்கு ஒரு தடவை சம்பளம், அத்தோடு சரி.

2012-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இதற்காகப் பேசினார். உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், ராயல்டியைச் சமமாகப் பங்கு கேட்கும் உரிமை எழுதியவரை விட்டுப் போகாது என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. அதை வாரிசுக்குக் கொடுக்கலாம், வசூல் செய்து பங்கிடும் சொசைட்டியிடம் கொடுக்கலாம். வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததாக எழுதினால் அந்த வரி செல்லாது. தியேட்டரில் படத்தோடு ஓடுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. ஓலைப்பெட்டிப் பாட்டு மாதிரி படத்தில் இல்லாத தனிப்பாட்டுக்கும் இது பொருந்தும்.

இதைத் தெரியாமல் நான் இழந்ததைச் சொல்கிறேன். 2013-இல் ஒரு சின்னக் கம்பெனிக்கு ஒரு தாலாட்டுப் பாட்டு கொடுத்தேன். பெயர் வேண்டாம். மூன்று பக்க ஒப்பந்தம். பதிவு, வரி, மெட்டு மூன்றையும் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. இரண்டு வருஷம் கழித்துத் தென்காசி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, மேலே மாட்டியிருந்த டிவியில் ஒரு நகைக்கடை விளம்பரத்துக்குப் பின்னால் என் வரி ஓடுகிறது. விளம்பரத்தில் ஒரு பாட்டை வைக்க இரண்டு அனுமதி வேண்டும், பதிவுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று. இரண்டையும் அந்தக் கம்பெனியே கொடுத்துவிட்டது. வரியை மட்டுமாவது என்னிடம் வைத்திருந்தால் அவர்கள் என்னைக் கூப்பிட்டே ஆக வேண்டும். என் பங்கை எப்படிக் கேட்பது என்று சொல்லிக் கொடுக்கவும் அன்றைக்கு யாரும் இல்லை.

பதிவு நாளன்றே எழுத வேண்டிய ஒரு தாள்

கம்பெனி எதுவும் வருவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. ஸ்டுடியோவை விட்டுக் கிளம்பும் முன், எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே எழுதிவிட வேண்டும். நான் வைத்திருக்கும் தாள் இப்படி இருக்கும். மேலே பாட்டின் பெயர், தேதி, ஸ்டுடியோ. கீழே இரண்டு கட்டம். முதல் கட்டத்தின் தலைப்பு பாட்டு: வரி யார், எத்தனை சதவீதம், மெட்டு யார், எத்தனை சதவீதம், கூட்டினால் 100 வர வேண்டும். இரண்டாம் கட்டத்தின் தலைப்பு பதிவு: யார் செலவு செய்தார்கள், யார் பாடினார்கள், யார் வாசித்தார்கள், மாஸ்டர் யாருக்கு. அடியில் எல்லோருடைய கையெழுத்தும்.

தம்பியின் பாட்டுக்கு அப்படி ஒரு தாள் இல்லை. ராத்திரி போனிலேயே கேட்டுக் கேட்டு எழுதினோம். வரிக்கு 50, மெட்டுக்கு 50 என்று வைத்துக்கொண்டோம். மெட்டில் அவனுக்கும் நண்பனுக்கும் பாதிப் பாதி என்றான். "அந்த நாதஸ்வரம்?" என்று கேட்டேன். அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் முதலில் முணுமுணுப்பது ஆரம்பத்தில் வரும் எட்டு மாத்திரை நாதஸ்வரத் துணுக்கைத்தான். பல்லவியே அதைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறது. "அதை நீ சொல்லிக் கொடுத்து வாசிச்சாரா, அவரா வாசிச்சாரா?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அவராத்தாங்க்கா வாசிச்சாரு. அதைக் கேட்டப்புறம்தான் பல்லவியை மாத்துனோம்."

நோட்டில் இருப்பதை அப்படியே வாசித்தவர் வாத்தியக் கலைஞர். பதிவு கட்டத்தில் அவர் பெயர் வரும், சட்டப்படி நிகழ்த்துபவருக்கு உள்ள உரிமையும் அவருக்கு உண்டு. பாடகர்களுக்காக 2013-இல் இஸ்ரா என்ற சங்கம் தொடங்கியது இந்த உரிமைக்காகத்தான். ஆனால் பாட்டின் மெட்டையே கொடுத்தவர் முதல் கட்டத்துக்கு வர வேண்டும். அன்று ராத்திரி மெட்டின் 50-இல் நாதஸ்வரக்காரருக்கு 15 என்று முடிவானது. அவருக்குக் கொடுத்த சம்பளம் வேறு, இது வேறு. நாட்டுப்புறக் கலைஞர்களையும் கோயில் வாத்தியக்காரர்களையும் வரவழைத்துப் பதிவு செய்யும் பிள்ளைகளை நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்வது இந்தக் கேள்வியைத்தான்: அவர் வாசித்தது யாருடைய மெட்டு?

மாஸ்டர் யாருக்கு என்பதில் பலருக்கு ஒரு பயம் இருக்கிறது. ஸ்டுடியோக்காரர் உரிமை கேட்டுவிடுவாரோ என்று. சட்டம் ஒலிப்பதிவின் உரிமையாளராகச் சொல்வது, முன்முயற்சி எடுத்துப் பொறுப்பேற்று அதைச் செய்தவரை. வாடகைக்கு இடம் கொடுத்தவர் அவர் இல்லை. ஆனாலும் வாடகை ரசீது, வாசித்தவர்களுக்குப் பணம் அனுப்பிய விவரம், ஒவ்வொரு குரலும் வாத்தியமும் தனித்தனியாக இருக்கும் முழு செஷன் ஃபைல் எல்லாம் உங்கள் கையில் இருக்கட்டும்.

இரண்டு இடத்தில் பதிய வேண்டும்

பாட்டை ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக் எல்லாவற்றிலும் ஏற்ற லேபிள் கட்டாயம் இல்லை. ட்யூன்கோர், டிஸ்ட்ரோகிட் மாதிரி விநியோகஸ்தர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கட்டணமோ பங்கோ வாங்கிக்கொள்வார்கள், மாஸ்டர் உங்களிடமே இருக்கும். ஏற்றும்போது பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி என்று 12 எழுத்து எண் ஒன்று கிடைக்கும். அது பதிவுக்கான எண். அதே பாட்டை நாளைக்கு வேறு மாதிரி பதிவு செய்தால் வேறு எண் வாங்க வேண்டும்.

இங்கேதான் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். விநியோகஸ்தர் அனுப்புவது பதிவுக்கான பணம். பாட்டுக்கான பணம் அந்த வழியில் வராது. அதற்கு ஐபிஆர்எஸ் என்ற சொசைட்டியில் வரி எழுதியவராகவோ மெட்டுப் போட்டவராகவோ தனியாகச் சேர வேண்டும். 1969-இல் தொடங்கிய அமைப்பு, தலைமையகம் மும்பை. 2012 திருத்தத்துக்குப் பின் 2017-இல் மறுபடியும் பதிப்புரிமைச் சொசைட்டியாகப் பதிவு பெற்றது. ரேடியோ, டிவி, ஹோட்டல், கச்சேரி, ஸ்ட்ரீமிங் என்று பாட்டு ஒலிக்கும் இடங்களில் வசூலித்துப் பங்கிடுகிறார்கள். வெளிநாட்டுச் சொசைட்டிகளோடும் ஒப்பந்தம் உண்டு. உறுப்பினர் ஆனால் மட்டும் போதாது. ஒவ்வொரு பாட்டையும் யார் யாருக்கு எத்தனை பங்கு என்று பதிய வேண்டும். அப்போது ஸ்டுடியோவில் டீ குடித்துக்கொண்டே எழுதிய அந்தத் தாளை அப்படியே பார்த்து எழுதலாம். பாட்டுக்கும் ஐஎஸ்டபிள்யூசி என்று தனி எண் இருக்கிறது, டி என்ற எழுத்தில் தொடங்கும்.

நான் இதில் சேர்ந்தது 2019-இல். அதற்கு முன் எழுதியவை ஒலித்துக்கொண்டே இருந்தன, யார் பெயரிலும் பதியாமல்.

ஒப்பந்தத்தில் விரல் வைத்துப் படிக்க வேண்டிய சொற்கள்

தம்பியின் ஒப்பந்தத்தின் தலைப்பு என்னவோ லேபிள் ஒப்பந்தம்தான். பத்துப் பக்கம் முழுக்கப் பதிவைப் பற்றியே பேசுகிறது. நாலாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்: மேற்படி ஒலிப்பதிவும், அதில் அடங்கிய அடிப்படைப் படைப்புகளும், என்றென்றைக்குமாக, அண்டம் முழுவதற்கும் கம்பெனிக்கு உரிமை மாற்றப்படுகிறது.

ஆங்கில ஒப்பந்தத்தில் 'அண்டர்லையிங் வொர்க்ஸ்' என்று வந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். அந்த இரண்டு சொல்தான் உங்கள் வரியும் மெட்டும். லேபிள் ஒப்பந்தத்துக்குள் பப்ளிஷிங்கும் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். 'மியூசிக்கல் அண்ட் லிட்டரரி வொர்க்ஸ்' என்றும் எழுதுவார்கள்.

அடுத்தது 'அசைன்', 'லைசென்ஸ்'. அசைன் என்றால் கிரயம் மாதிரி. லைசென்ஸ் என்றால் வாடகைக்கு விடுவது மாதிரி, கெடு முடிந்தால் வீடு திரும்பி வரும். அப்புறம் 'இன் பெர்பெச்சுவிட்டி', 'த்ரூஅவுட் த யுனிவர்ஸ்', அதாவது அந்த 'என்றென்றைக்குமாக'வும் 'அண்டம் முழுவதற்கும்' என்பதும். இவை வெறும் அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். நம் சட்டப்படி, உரிமை மாற்றும் பத்திரத்தில் எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் 5 வருஷம்தான். எந்த இடம் என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும்தான். அந்தப் பாதுகாப்பைத் தாண்டத்தான் அந்தச் சொற்களை எழுதுகிறார்கள்.

'ரிக்கூப்' என்ற சொல்லையும் தேடுங்கள். லேபிள் பதிவுக்கும் வீடியோவுக்கும் விளம்பரத்துக்கும் பணம் போடும், அதை உங்கள் பங்கிலிருந்து முதலில் கழித்துக்கொள்ளும். இது நியாயம்தான், அவர்கள் பணத்தை முன்னால் வைக்கிறார்கள். என்னென்ன செலவு, உச்சவரம்பு எவ்வளவு என்று எழுதி வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் லேபிளும் பப்ளிஷரும் ஒரே குழுமமாக இருந்தால், லேபிள் செலவைப் பப்ளிஷிங் பணத்தில் கழிக்கலாம் என்று ஒரு வரி நுழையும். அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். வீடியோ எடுத்த செலவுக்கு வரி எழுதிய பணம் போகக் கூடாது. சோனி, யுனிவர்சல், வார்னர் மூன்றிலும் லேபிள் தனி, பப்ளிஷிங் கம்பெனி தனி. பெயர் ஒன்றாக இருப்பதால் ஒரு கையெழுத்து இரண்டுக்கும் போதும் என்று யாராவது சொன்னால், இரண்டு ஒப்பந்தமாகக் கேளுங்கள்.

பப்ளிஷர் வேண்டுமா என்று தம்பி கேட்டான். பத்துப் பாட்டு வரைக்கும் ஐபிஆர்எஸ் பதிவை நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். பப்ளிஷர் இல்லாத பாட்டுக்கு முழுப் பங்கும் எழுதியவர்களுக்கே வரும். வெளிநாட்டில் ஒலிக்கிறது, விளம்பரத்துக்கும் வெப் சீரிஸுக்கும் கேட்கிறார்கள், அங்கே இங்கே சிதறிய பணத்தைத் துரத்த நேரமில்லை என்ற நிலை வந்தால் பப்ளிஷர் தேவை. அப்போதும் உரிமையை மாற்றாமல் நிர்வாகத்தை மட்டும் கொடுக்கும் ஒப்பந்தம் உண்டு. வசூலில் பொதுவாக 10 முதல் 25 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள், பாட்டு உங்களுடையதாகவே இருக்கும். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: போன வருஷம் எத்தனை பாட்டை நீங்களாகக் கொண்டுபோய் ஒரு படத்திலோ விளம்பரத்திலோ வைத்தீர்கள்? பதில் சொல்லத் தெரியாதவர் வசூல் குமாஸ்தா. அதற்கேற்ற சதவீதம் கொடுத்தால் போதும்.

கவர் பாட்டுப் போடுகிறவர்களுக்கு ஒன்று. நீங்கள் புதிதாகப் பதிவு செய்தால் பழைய லேபிளின் மாஸ்டரைத் தொடவில்லை, சரி. வரியையும் மெட்டையும் தொட்டிருக்கிறீர்கள், அதற்கு அனுமதி வேண்டும். வீடியோவோடு போட்டால் அதற்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். நம் சினிமாப் பாட்டுகளில் இரண்டும் ஒரே கம்பெனியிடம் இருப்பதால் கடிதம் ஒரே முகவரிக்குப் போகும்.

புதன்கிழமை காலை தம்பி கையெழுத்துப் போடவில்லை. நாலாம் பக்கத்து வரியை எடுத்துவிடவும், உரிமை மாற்றத்துக்குப் பதில் ஏழு வருஷ லைசென்ஸ் போடவும் கேட்டு மெயில் அனுப்பினான். ஒன்பது நாள் பதில் இல்லை. அந்த ஒன்பது நாளும் தினம் ராத்திரி என்னைக் கூப்பிட்டான், எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பத்தாம் நாள் திருத்திய ஒப்பந்தம் வந்தது. ஏழு வருஷம் பத்து வருஷமாகியிருந்தது. அடிப்படைப் படைப்புகள் என்ற சொல் எங்கேயும் இல்லை. போட்டு அனுப்பு என்றேன்.

அவனும் நண்பனும் ஐபிஆர்எஸ்ஸில் சேர்ந்துவிட்டார்கள். நாதஸ்வரக்காரர்தான் பாக்கி. அவருடைய பான் கார்டில் ஒரு இனிஷியல், பேங்க் பாஸ்புக்கில் வேறு இனிஷியல். திருத்தப் படிவம் எடுத்துக்கொண்டு தம்பி அடுத்த வாரம் சங்கரன்கோவில் போகிறான். பங்குத் தாளைத் தமிழில் தட்டச்சு செய்து ஒரு பிரதி கொண்டுவரச் சொல்லியிருக்கிறாராம், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட.